1,75,000 ரூபாய் கட்டி மகளை வெளியுறவுப் பயிற்சிக்கு அனுப்பலாமா?

திருமங்கலத்தில் ஹார்டுவேர் கடை நடத்தும் ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கு வந்த ஒரு நிறுவனம் மாணவர்களுக்கு வெளியுறவுக் கொள்கைப் பயிற்சி தருவதாகச் சொல்லியிருக்கிறது. மூன்று வாரம் ஆன்லைன் வகுப்பு, பிறகு துபாயில் ஐந்து நாள் மாதிரி ஐ.நா. மாநாடு, எல்லாம் சேர்த்து 1,75,000 ரூபாய். வெள்ளிக்கிழமைக்குள் 25,000 முன்பணம் கட்ட வேண்டுமாம். மகள் ரொம்பவும் ஆசைப்படுகிறாள். அனுப்பலாமா, இதற்கு மதிப்பு உண்டா, நம்ம பக்கம் இருந்துகொண்டு இந்தத் துறைக்குப் போக வேறு வழி இருக்கிறதா என்பது அவர் கேள்வி.

கேள்வியை இரண்டு மூன்று முறை படித்தேன். பணத்தைப் பற்றிக் கேட்டாலும் அடியில் இருக்கும் கவலை வேறு என்று எனக்குப் படுகிறது. இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டால், மகளின் ஆசைக்கு நாமே குறுக்கே நின்றதாகிவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆகாது. இந்தப் பயிற்சியை விட்டதால் எந்தக் கதவும் அவளுக்கு மூடிப்போகாது. ஆனால் அந்த ஆசையை அப்படியே விட்டுவிட்டால் இழப்புதான். ஆகவே எங்கே பணம் கட்டுவது என்பதைவிட அந்த ஆசைக்கு என்ன தீனி போடுவது என்பதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

நான் மதுரையில் இருபத்து மூன்று வருடமாக மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறும் அரசியல் அறிவியலும் நடத்துகிறேன். முதுகலையில் சர்வதேச உறவுகள் படித்தவன். பதினோரு வருடமாகச் சனிக்கிழமை காலைகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து வெளியுறவு விஷயங்களை வாசித்து விவாதிக்கிறேன். நான் வெளியுறவு அமைச்சகத்தில் வேலை பார்த்தவன் இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்தவனும் இல்லை. அதனால் உறுதியானதை உறுதியாகவும் கணிப்பைக் கணிப்பு என்றும் பிரித்தே சொல்கிறேன்.

உறுதியானது இது. இந்திய வெளியுறவுப் பணிக்குத் தனித் தேர்வு கிடையாது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். போல அதுவும் யூ.பி.எஸ்.சி. நடத்தும் சிவில் சர்வீசஸ் தேர்வு வழியாகத்தான். 21 வயதும் ஏதாவது ஒரு பட்டமும் வேண்டும். முதன்மை எழுத்துத் தேர்வுக்கு 1,750, நேர்முகத்துக்கு 275, மொத்தம் 2,025 மதிப்பெண். இதில் பள்ளிக்காலச் சான்றிதழுக்கு ஒரு மதிப்பெண்கூட ஒதுக்கப்படவில்லை. முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலத்துக்கென்று உள்ள தாளில் தேறினால் போதும். சர்வதேச உறவுகள் பொது அறிவு இரண்டாம் தாளின் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அதற்கு முன்னால் டெல்லியில் ஏதாவது மத்தியப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை சேர நினைத்தால், அங்கே பார்ப்பது க்யூட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை. துபாயில் வாங்கும் சான்றிதழுக்கு இந்த இரண்டு இடத்திலும் வேலை இல்லை.

உறுதியில்லாதது வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும், கட்டுரையும் நேர்முகமும் வைத்துச் சேர்க்கும் நம் நாட்டின் சில தனியார் பல்கலைக்கழகங்களும். அங்கே பள்ளிக்கு வெளியே பிள்ளை என்ன செய்தாள் என்பதைப் பார்க்கிறார்கள். இப்படிப்பட்ட பயிற்சி அங்கே கொஞ்சம் உதவலாம். ஆனால் பணம் கட்டிய எல்லோருக்கும் கிடைக்கும் சான்றிதழ் எது, போட்டி போட்டு வாங்கியது எது என்று வருடக்கணக்காக விண்ணப்பம் படிப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்காது என்பது என் கணிப்பு. என்னிடம் வந்த பிள்ளைகளில் இருவர் உதவித்தொகையோடு வெளிநாட்டில் சேர்ந்தார்கள். இருவருமே மாநாட்டுக்குப் போனதை எழுதவில்லை. ஒரே விஷயத்தை ஒரு வருடம் தோண்டியதைத்தான் எழுதினார்கள். இரண்டு பேரை வைத்து விதி சொல்ல முடியாது. நான் பார்த்தது அது.

இந்த மாதிரிப் பயிற்சிகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால் எது சரக்கு, எது மேலுறை என்று பிரிக்க வசதியாக இருக்கும். அமெரிக்காவில் 1918-இல் தொடங்கிய ஃபாரின் பாலிசி அசோசியேஷன் என்ற அமைப்பு, 1954 முதல் 'கிரேட் டிசிஷன்ஸ்' என்ற திட்டத்தை நடத்திவருகிறது. வருடத்துக்கு எட்டு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் வாசிக்க ஒரு கட்டுரை. ஊர் ஊராக நூலகத்திலோ பள்ளியிலோ யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்திலோ சிலர் கூடி, அதை முன்கூட்டியே படித்துவிட்டு வந்து பேசுவார்கள். அங்கே பல நகரங்களில் வேர்ல்டு அஃபேர்ஸ் கவுன்சில் என்ற பெயரில் குடிமக்கள் அமைப்புகள் இருக்கின்றன. அவை சேர்ந்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு நான்கு பேர் அணியாகக் கலந்துகொள்ளும் 'அகாடமிக் வேர்ல்டுகுவெஸ்ட்' என்ற வினாடி வினாவை நடத்துகின்றன. அமெரிக்க வெளியுறவு அதிகாரிகளின் சங்கமும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரைப் போட்டி வைத்திருக்கிறது. இவையெல்லாம் அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கானவை. நம் பிள்ளைகள் சேர முடியாது. ஆனால் இவற்றின் எலும்புக்கூடு எவ்வளவு எளிமையானது என்று பாருங்கள். கொஞ்சம் பேர், முன்கூட்டியே வாசிப்பு, வழிநடத்த ஊரில் ஒருவர், திரும்பத் திரும்பக் கூடுவது. இதற்கு விமான டிக்கெட் தேவையே இல்லை. நான் சனிக்கிழமை வட்டத்தை ஆரம்பித்ததும் இதைப் பார்த்துத்தான்.

நம் பிள்ளைகள் உண்மையிலேயே விண்ணப்பிக்கக்கூடியவையும் இருக்கின்றன. யேல் பல்கலைக்கழகத்தின் 'யங் குளோபல் ஸ்காலர்ஸ்' கோடைத் திட்டம் உலகெங்கும் உள்ள மாணவர்களை இரண்டு வாரம் வளாகத்திலேயே தங்கவைத்துப் பாடம் நடத்துகிறது. அரசியல், சட்டம், பொருளாதாரம் மூன்றும் சேர்ந்த ஒரு பிரிவு அதில் உண்டு. கட்டணம் 6,000 டாலருக்கு மேல். பயணச் செலவு தனி. ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள், அதை விண்ணப்பத்தோடு சேர்த்தே கேட்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பு என்பதால் உங்கள் மகளுக்கு இதுதான் சரியான வருடம். கென்னடி–லூகர் யெஸ் திட்டம் 2002-இல் அமெரிக்க அரசு தொடங்கியது. தேர்வானால் அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி ஒரு கல்வியாண்டு பள்ளிக்குப் போகலாம், செலவு அந்த அரசுடையது. இப்படிப்பட்ட திட்டங்கள் அந்தந்த நாட்டு பட்ஜெட்டை நம்பி ஓடுபவை. ஆகவே அந்த வருடத்து அறிவிப்பைப் பார்த்த பிறகே பிள்ளைக்கு நம்பிக்கை கொடுங்கள். புனே அருகே 1997-இல் தொடங்கிய யூ.டபிள்யூ.சி. மகிந்திரா கல்லூரி, பல நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து இரண்டு வருடம் தங்கிப் படிக்கும் இடம். அங்கேயும் உதவித்தொகை உண்டு. ஆனால் பத்தாம் வகுப்பு முடியும் கட்டத்தில் விண்ணப்பிப்பதுதான் வழக்கம், உங்கள் மகளுக்கு இன்னும் வாய்ப்பு உண்டா என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள். வீட்டில் தம்பி தங்கை இருந்தால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ரூபாய் செலவில்லாதவற்றில் நான் முதலில் சொல்வது ராயல் காமன்வெல்த் சொசைட்டி நடத்தும் கட்டுரைப் போட்டி. 1883 முதல் நடக்கிறது. காமன்வெல்த் நாடுகளைச் சேர்ந்த 18 வயது வரையிலான யாரும் எழுதலாம், கட்டணம் இல்லை. பரிசு கிடைக்கிறதோ இல்லையோ, ஒரு கட்டுரையை ஐந்தாறு முறை திருத்தி எழுதும் பழக்கம் வந்துவிடும். இன்னொன்று நம் வெளியுறவு அமைச்சகம் 2018-இல் தொடங்கிய 'சமீப்' என்ற திட்டம். அமைச்சக அதிகாரிகள் சொந்த ஊருக்கு வரும்போது தாங்கள் படித்த பள்ளிக்கோ கல்லூரிக்கோ போய், நாட்டின் வெளியுறவுக் கொள்கை எப்படி நடக்கிறது என்று மாணவர்களிடம் பேச வேண்டும் என்பதுதான் அது. உங்கள் மகளின் பள்ளியில் படித்த யாராவது அந்தப் பணியில் இருக்கிறார்களா என்று தலைமையாசிரியரை விசாரிக்கச் சொல்லுங்கள். இருந்தால் ஒரு கடிதம் எழுதினால் போதும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று: இலக்கியம், வினாடி வினா, சிறார் திரைப்படம் என்று மன்றப் போட்டிகளில் மாநில அளவில் வருகிற பிள்ளைகளைப் பள்ளிக்கல்வித் துறையே வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போயிருக்கிறது. மன்ற அறிவிப்பு வரும்போது பிள்ளையின் பெயரைக் கொடுத்துவையுங்கள்.

சரி, உங்களுக்கு வந்த நிறுவனத்துக்கு வருகிறேன். அதன் பெயரை நீங்கள் எழுதவில்லை, எழுதியிருந்தாலும் நான் தீர்ப்புச் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் 'உங்கள் மகள் சிறப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறாள்' என்று ஒரு கடிதம் வந்திருந்தால், அவளோடு எத்தனை பேருக்கு அந்தக் கடிதம் வந்தது என்று வகுப்பில் கேட்டுவரச் சொல்லுங்கள். ஒரு எழுத்துத் தேர்வோ, எழுதிக் காட்டச் சொன்ன ஒரு பக்கமோ, பத்து நிமிட நேர்முகமோ இல்லாமல் யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது. ஐ.நா. என்ற பெயரும் நீல நிறமும் உலக உருண்டைப் படமும் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள், மாதிரி ஐ.நா. மாநாடுகளில் பெரும்பாலானவற்றைக் கல்லூரிகளும் பள்ளிகளும் தனியார் நிறுவனங்களும்தான் நடத்துகின்றன. அது தவறில்லை. ஆனால் ஐ.நா.வே உங்கள் மகளை அழைத்ததாக நினைத்துப் பணம் கட்டிவிடக் கூடாது.

மாதிரி ஐ.நா. பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது நம்ம ஊர்ப் பள்ளிகளில் வெளியுறவு என்றாலே எம்.யூ.என். என்றுதான் ஆகிவிட்டது. பிள்ளைக்கு ஒரு நாட்டைக் கொடுப்பார்கள். அந்த நாட்டின் டெலிகேட்டாக ஒரு கமிட்டியில் உட்கார்ந்து, பொசிஷன் பேப்பர் (அந்த நாட்டின் நிலையை விளக்கும் அறிக்கை) எழுதி, பேசி, கூட்டு சேர்த்து, தீர்மானம் கொண்டுவர வேண்டும். ஒழுங்காக நடந்தால் அருமையான பயிற்சி. தனக்குப் பிடிக்காத நாட்டின் நியாயத்தை அந்த நாட்டுக்காரர் சொல்வதுபோலச் சொல்லிப் பார்ப்பது பதினாறு வயதுப் பிள்ளைக்கு வேறு எங்கே கிடைக்கும்? பட்டிமன்றத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது சுலபமாக வந்துவிடும் என்று முதலில் நினைத்தேன். வரவில்லை. பட்டிமன்றத்தில் எதிரணியை மடக்கிக் கைதட்டு வாங்கினால் போதும். இங்கே எதிரே இருப்பவர் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு அவருக்கு என்ன வேண்டும் என்று முதலில் காதுகொடுத்துக் கேட்டாக வேண்டும்.

ஒழுங்காக நடக்காதபோது என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஆறு பிள்ளைகளை வேறொரு நகரத்தில் நடந்த பெரிய மாநாட்டுக்கு அழைத்துப் போனேன். தலைக்கு 4,500 ரூபாய், ரயில் செலவு தனி. அதில் ஒரு பெண் தமிழ்வழியில் படித்தவள், அப்பா சிலைமான் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறார். அவளுக்கு நார்வே நாடு. ஆறு வாரம் உழைத்து, கடல்வள ஒப்பந்தங்களைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தாள். கமிட்டியை நடத்தியவர் ஒரு கல்லூரி மாணவர். ஒருவருடைய பேப்பரையும் அவர் படிக்கவில்லை என்பது முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. வேகமாக ஆங்கிலம் பேசிய ஏழெட்டுப் பேரையே மாறி மாறி எழுப்பினார். இரண்டு நாளில் இவள் பேசியது மொத்தம் ஒன்றரை நிமிடம். கடைசியில் எல்லோருக்கும் சான்றிதழ். ரயிலில் திரும்பும்போது, 'சார், நான் எழுதினது சரியா தப்பான்னுகூட யாரும் சொல்லலையே' என்று கேட்டாள். அவளை அங்கே அழைத்துப் போனது நான். அந்த 4,500 ரூபாய்க்கு அவள் அப்பா எத்தனை டீ ஆற்றியிருப்பார் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு பொறுக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும் பணம் கட்டுமுன் மூன்று விஷயம் கேட்டுவிடுகிறேன்: வாசிக்க வேண்டியவற்றை முன்கூட்டியே அனுப்புவார்களா, பிள்ளை எழுதுவதைத் தெரிந்தவர் ஒருவர் படித்துத் திருத்தித் தருவாரா, ஒரு அறையில் எத்தனை பேர்? அறுபது பேர் என்றால் உங்கள் பிள்ளை பார்வையாளர்தான்.

இனி, உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதி. நம்ம பக்கம் இருந்துகொண்டு முடியுமா? என் அனுபவத்தில் வெளியுறவுக் கொள்கை படிக்க மதுரையை விட நல்ல இடம் நம் நாட்டில் அதிகம் இல்லை. தென்கிழக்கே 170 கிலோமீட்டர் போனால் ராமேஸ்வரம். அங்கிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஒரு சர்வதேச எல்லை கடலுக்குள் ஓடுகிறது. மதுரைக்குள்ளேயே ஆனையூரிலும், ஊருக்கு வெளியே திருவாதவூரிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. வெளியுறவு என்பது டெல்லியில் கோட்டு போட்டவர்கள் பேசிக்கொள்வது என்று நினைக்கும் பிள்ளைக்கு, அந்தப் பேச்சு கடைசியில் யார் தலையில் வந்து விடிகிறது என்று காட்ட இதைவிட வேறு என்ன வேண்டும்?

எங்கள் வட்டத்தில் ஒவ்வொரு வருடமும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான பாக் நீரிணையை ஒரு பருவம் முழுக்க எடுத்துக்கொள்கிறோம். எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன், நீங்களே வீட்டில் செய்யலாம். முதல் இரண்டு வாரம் வாசிப்பு மட்டும். கச்சத்தீவைப் பற்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு கருத்து இருக்கும், ஆனால் 1974 ஜூன் மாத ஒப்பந்தத்தை ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள். சில பக்கங்கள்தான், இணையத்தில் கிடைக்கிறது. அந்த நீரிணையில் உள்ள 285 ஏக்கர் தீவு, அது இலங்கைக்கு என்று ஒப்புக்கொண்ட ஒப்பந்தம். அன்றைய இரு நாட்டுப் பிரதமர்கள் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயகவும் கையெழுத்திட்டது. அதன் ஐந்தாவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே பயண ஆவணம் இல்லாமல் தீவுக்கு வந்துபோகலாம் என்கிறது. ஆறாவது பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் மற்ற நாட்டின் கடலில் பாரம்பரியமாக அனுபவித்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது. பிறகு 1976 மார்ச்சில் இரு நாட்டு வெளியுறவுச் செயலர்களும் மாற்றிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்கின்றன. ஒரு வருடம் இரண்டு பிள்ளைகள் 'பாரம்பரியமாக' என்ற ஒரு சொல்லை வைத்து மூன்று சனிக்கிழமை சண்டை போட்டார்கள். மீன்பிடிப்பு அந்தச் சொல்லுக்குள் அடங்குமா, அடங்கினால் 1976 கடிதம் அதை ரத்து செய்ததா? நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒரு அரசின் வார்த்தையை இப்படி எழுத்து எழுத்தாகப் படிக்கும் பழக்கம்தான் இந்தத் துறையின் அடிப்படை. அது எந்த ஐந்து நாள் மாநாட்டிலும் வருவதில்லை.

மூன்றாவது வாரம் ஒரு ஞாயிறு ராமேஸ்வரம் போவோம். விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரம் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், மற்ற நாள் நாட்டுப்படகுகளுக்கு. சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலை கரை திரும்பும்போது நாங்கள் அங்கே இருப்போம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அப்போது போனால் படகுக்காரர்கள் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். பிள்ளைகளுக்கு ஒரே நிபந்தனை: கருத்துச் சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேட்க வேண்டும். டீசல் எவ்வளவு, படகு யாருடையது, கூலி எப்படிப் பிரியும், சிறைபிடித்தால் படகு திரும்பி வருமா. ஒரு முறை நாட்டுப்படகுக்காரர் ஒருவர், கடலடியைச் சுரண்டி இழுக்கும் வலையான இழுவை மடி போடும் விசைப்படகுகளால் தங்களுக்கும் மீன் இல்லை என்று சொன்னதும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 'நம்ம மீனவர்' என்று ஒரே ஆளாக நினைத்துக்கொண்டு வந்தவர்கள், கரையிலேயே இரண்டு தரப்பு இருப்பதை அன்றைக்குத்தான் கண்டார்கள்.

அதன்பிறகு வேடங்கள் பிரிப்போம். ராமேஸ்வரம் விசைப்படகு உரிமையாளர், பாம்பன் நாட்டுப்படகு மீனவர், யாழ்ப்பாண மீனவர், சென்னை, டெல்லி, கொழும்பு. யாருக்கு எது பிடிக்காதோ அதைக் கொடுப்பேன். ராமநாதபுரத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பையனுக்கு அவன் மாமா படகில் பங்கு உண்டு. அவனுக்கு யாழ்ப்பாண மீனவர் வேடம் கொடுத்தேன். முடியாது என்று எழுந்து போய்விட்டான். ஒரு வாரம் கழித்து இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். போர் நடந்த வருடங்களில் இலங்கையின் வடக்குக் கடலில் மீனவர்கள் சுதந்திரமாகப் போக முடியாமல் இருந்தது, 2009-இல் போர் முடிந்து திரும்பி வந்தபோது அந்தக் கடலில் நம் இழுவைப்படகுகள் இருந்தன, 2017-இல் இலங்கை இழுவை மடியையே சட்டம் போட்டுத் தடைசெய்தது என்பதையெல்லாம் தேடிப் படித்திருந்தான். எழுந்து நின்று, 'ராத்திரி எங்க வலையை அறுத்துட்டுப் போற படகுலயும் தமிழ்தான் பேசுறாங்க' என்றான். யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு டெல்லி வேடத்தில் இருந்த பெண், அதே 2017-இல் நம் அரசு 2,000 இழுவைப்படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்ற 1,600 கோடி ரூபாயில் ஒரு திட்டம் கொண்டுவந்ததையும், அது நினைத்த வேகத்தில் நடக்காததையும் எடுத்தாள். ஆழ்கடலுக்குப் போய்ப் பல நாள் தங்கும் தொழில், ஒரே இரவில் போய்த் திரும்பிப் பழகியவர்களுக்கு ஏன் ஒட்டவில்லை என்று பேச்சு போனது. வெளியுறவுப் பிரச்சினை எப்போது மீன்வளப் பிரச்சினையாகவும் கடன் பிரச்சினையாகவும் மாறுகிறது என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. முகாமுக்குப் பிள்ளைகளைச் சும்மா 'பார்க்க' அழைத்துப் போகாதீர்கள். அங்கே இருப்பவர்களின் வாழ்க்கை நம் பிள்ளைகளின் பயிற்சிப் பொருள் இல்லை. அனுமதி இல்லாமல் உள்ளே போகவும் முடியாது. இலங்கையிலிருந்து இங்கே வந்தவர்களைப் பற்றிப் படிக்க வேறு வழி இருக்கிறது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்த இந்திய வம்சாவளியினரான 9,75,000 மலையகத் தமிழர்களின் குடியுரிமையைப் பிரித்தார்கள்: 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. அந்த மீதியைப் பாதிப் பாதியாகப் பிரிக்க 1974 வரை ஆனது. இந்த எண்களைப் பலகையில் எழுதிவிட்டு, 'இதில் ஒருவரை யாராவது கேட்டார்களா?' என்று மட்டும் கேட்பேன்.

வீட்டிலிருந்து தொடங்க உங்கள் மகளுக்கு நான் சொல்லும் முதல் வேலை இன்னும் எளிது. கடை அடைத்த ஒரு ஞாயிறு மத்தியானம் அவளை உங்கள் கடையில் உட்காரவைத்து, குழாய், தாழ்ப்பாள், டிரில் மெஷின், பூட்டு என்று ஒவ்வொரு பெட்டியிலும் அச்சிட்டிருக்கும் நாட்டின் பெயரை எழுதச் சொல்லுங்கள். பத்து வருடத்துக்கு முன் அதே பொருள் எங்கிருந்து வந்தது, ஏன் மாறியது, விலை எப்போது ஏறியது என்று உங்களைக் கேட்கட்டும். 2020 ஜூனில் சீனாவோடு நடந்த கல்வான் மோதலுக்குப் பிறகு என்ன நடந்தது, 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருள்களுக்கு 50 சதவீதம் வரை வரி போட்டபோது திருப்பூரிலும் தூத்துக்குடியிலும் என்ன ஆனது என்று அங்கிருந்து தானாகவே போவாள். வாசிப்புக்குப் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் இந்தியாவின் வெளியுறவுக் கொள்கை, சர்வதேச உறவுகள் என்று இரண்டு பாடம் இருக்கிறது. மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்திருப்பாள், மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அடுத்து, வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் நாடாளுமன்றக் கேள்விகளுக்கான பதில்கள் இருக்கின்றன. ஒரு எம்.பி. கேட்ட கேள்வி, அமைச்சர் சொன்ன பதில், சில பத்திகள். வாரம் ஒன்று படித்து, பதில் சொல்லாமல் விட்டது எது என்று தமிழில் ஒரு பத்தி எழுதினால் போதும். ஆங்கிலமும் கூடவே வந்துவிடும். புது நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு மாதம் இரண்டு முறை அழைத்து வாருங்கள், திருமங்கலத்திலிருந்து பஸ்ஸிலேயே வந்துபோகலாம்.

கொஞ்சம் பழகிய பிறகு இதையும் செய்து பார்க்கட்டும்: இலங்கை தொடர்பாக ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இந்தியா 2009-இல் இலங்கைக்கு ஆதரவாகவும், 2012, 2013-இல் எதிராகவும் வாக்களித்தது, 2014-இல் யாருக்கும் வாக்களிக்காமல் ஒதுங்கியது. அதே நாடு, ஐந்து வருடம், மூன்று நிலை. ஒவ்வொன்றுக்கும் அன்றைக்கு டெல்லியில், சென்னையில், கொழும்பில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று மூன்று பத்தி அவள் எழுதிவிட்டால், பணம் கட்டிப் போகும் பயிற்சியில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று அவளே உங்களுக்குச் சொல்வாள்.

இவ்வளவு சொன்ன பிறகும், துபாய் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. திருமங்கலத்துப் பெண் ஒருத்தி வேறு நாட்டுப் பிள்ளைகளோடு ஐந்து நாள் இருந்து பேசித் திரும்பினால் அவள் தைரியம் கூடும், அதை மறுக்க மாட்டேன். அந்தப் பணம் உங்களுக்குச் சிரமம் தராதது என்றால், அந்த நிறுவனம் நான் மேலே சொன்ன மூன்று கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னால், ஒரு நல்ல சுற்றுலாவாக நினைத்து அனுப்புங்கள். கடன் வாங்கியோ நகையை வைத்தோ அனுப்புவதாக இருந்தால் வேண்டாம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எப்படியும் பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்துவிடுங்கள். 18 வயது வரை செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டுக்கு 1,000 ரூபாய்தான் கட்டணம், மதுரையிலேயே அலுவலகம் இருக்கிறது. எந்த நல்ல வாய்ப்பு வந்தாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்கிறீர்கள். இன்றைக்கே அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: வாசிப்புப் பட்டியல், பிள்ளைகள் எழுதுவதைத் திருத்தப்போகிறவரின் பெயரும் படிப்பும், ஒரு அறையில் எத்தனை பேர், போக முடியாமல் போனால் பணம் எவ்வளவு திரும்பும். வியாழக்கிழமை இரவுக்குள் எழுத்தில் பதில் வரவில்லை என்றால் 25,000 கட்ட வேண்டாம். பதில் வந்தால் அதை இங்கேயே போடுங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன். மகளிடம் கடைப் பெட்டிகளின் கணக்கை எழுதி முடித்ததும் அதையும் போடச் சொல்லுங்கள்.